சங்குமுனை லொறிக்கு ரயர் தெரிவு செய்த வரலாறு

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளில் மனித நாகரிகம் தொடங்கியது என்று சொல்லுகிறார்கள். அது சரியல்ல. எந்தச் சக்கரத்தை வாங்குவது என்று நாலு பேர் கதிரை போட்டு உட்கார்ந்து யோசித்த நாளில்தான் தொடங்கியது. அந்த நாள் கடந்த தவக்காலத்தில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை. இடம் மன்னார் பட்டினத்தில் ஒரு கோழிக்கடையின் மேல்மாடி. நாலு கதிரைகளில் ஒன்றுக்குக் கால் ஆடும்.

அந்த மேல்மாடியில் இருப்பது தீவக மற்றும் கரையோர நன்னீர் விநியோக மேம்பாட்டு அதிகாரசபை. பெயர்ப்பலகை மாடிப்படியைவிட அகலமாகிவிட்டபடியால் அதை நெடுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசிக்க விரும்புபவர் கழுத்தைத் தோளில் சாய்க்க வேண்டும். சபைக்கு மூன்று மொழிகளிலும் தூரநோக்கு உண்டு. சபைக்கென்று ஒரு கீதம் உண்டு. தண்ணீர் கொண்டுபோக ஒரு பவுசர் லொறியும் உண்டு. கடைசியாகச் சொன்னதை ஓட்டுபவர் எமிலியானுஸ்.

எமிலியானுஸ் பத்து வருஷமாக நாட்சம்பளச் சாரதி. கிணறெல்லாம் உவர்த்துப்போன சங்குமுனைக் கடற்கரைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவது அவருடைய வேலை. பத்து வருஷத்தின் பிறகு இந்த ஆவணியில் அவருக்கு நிரந்தர நியமனத்துக்கான சோதனை வைப்பதாக மேலிடம் அறிவித்திருந்தது. இரண்டு நிபந்தனைகள். சோதனையின்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. சோதனை சபையின் சொந்த வாகனத்தில், அது ஓடும் நிலையில் இருக்கும்போது நடக்க வேண்டும். புரட்டாதியில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. ஆகவே முதல் நிபந்தனையை ஆவணிவரை சமாளிக்கலாம். இரண்டாவதைச் சங்குமுனை வழியில் நின்ற உடைமரங்கள் கவனித்துக்கொண்டன.

சங்குமுனைக்குப் போகிற வழி கொஞ்சத் தூரம் தார், பிறகு கிரவல், பிறகு மணல், அதற்குப் பிறகு உடைமுள். லொறியின் ரயர்களோ திருநீற்றுப் புதனுக்கு முன்பே வழுக்கையாகிவிட்டிருந்தன. அந்தப் புதன்கிழமை இரண்டு ரயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஊரார் தள்ளி, ஒரு ரக்ரர் இழுத்து, லொறியைப் பட்டினத்துக்குக் கொண்டுவந்து, கோழிக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கருங்கல்லில் ஏற்றி வைத்தார்கள். சங்குமுனைக்குத் தண்ணீர் வாடகை லான்ட்மாஸ்ரரில், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பூட்டிய பெட்டியில், போகத் தொடங்கியது.

எமிலியானுஸ் பணிப்பாளர் நவரத்தினத்தின் அறைக்குப் போனார். நவரத்தினம் எதையும் சொல்லுமுன் பேனையை மூடி வைக்கிறவர். மூடி வைத்தார்.

“சேர், லொறிக்கு ரயர் வாங்கவேணும்.”

“ரயர் வாங்கிறதை ஆரும் செய்வினம், எமிலியானுஸ். தெரிவு செய்யிறதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும்.”

“ஓம் சேர். ஆவணியில எனக்குச் சோதினை. அதுக்குள்ள லொறி ஓடினாச் சரி.”

“அவசரப்பட்டுத் தெரிவு செய்த ரயர் அவசரமா வெடிக்கும்.”

“சேரின்ர டபிள்கப்புக்குப் போன கிழமை நாலு ரயரும் மாத்தினது…”

“அது அவசரம்,” என்றார் பணிப்பாளர்.

டபிள்கப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது பாறை, சேறு, ஆற்றுமணல் எல்லாவற்றையும் கடப்பதற்கென்றே செய்யப்பட்ட வாகனம். அதன் புதிய ரயர்களின் பல் ஒவ்வொன்றும் கடித்துத் தின்னுகிற தேங்காய்ச் சொட்டு அளவில் இருந்தது. அது பணிப்பாளரின் வீட்டுக்கும் கந்தோருக்கும் இடையில், தார் வீதியில், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஓடியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீடித்துழைக்கும் ரயர் தெரிவுக் குழு கூடியது. பணிப்பாளர் தலைவர். தொழில்நுட்ப அலுவலர் மில்ரனும் நிர்வாக உத்தியோகத்தர் நிறஞ்சலாவும் உறுப்பினர்கள். எமிலியானுஸைப் பயனாளிகளின் பிரதிநிதியாக நியமித்துக் கால் ஆடுகிற கதிரையில் இருத்தினார்கள். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. சர்வமதப் பிரார்த்தனை நடந்தது. சபைக் கீதம் ஒலிபெருக்கியில் இசைக்கப்பட்டபோது கீழே கோழி வாங்க வந்தவர்களும் எழுந்து நின்றார்கள். பட்டீஸும் பால்தேத்தண்ணியும் வந்தன. அதற்குள் மதியமாகிவிட்டபடியால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது கூட்டத்தில் மில்ரன் எழுந்து, ரயர் என்பது நிலத்தோடு பேசுகிற பொருள் என்றார். ஆகவே முதலில் நிலத்தை வகைப்படுத்த வேண்டும். தார், கிரவல், மணல், முள், உப்புத்தண்ணீர் என்று விரல் மடக்கிக்கொண்டு வந்தவர் ஆறாவது விரலுக்குத் தயங்கினார்.

“கழுதையை எதுக்குள்ள போடுறது?”

மன்னார் வீதிகளில் கழுதைகள் படுத்திருக்கும் என்பதை எந்த ரயர்க் கம்பனியும் இதுவரை கணக்கில் எடுத்ததில்லை என்பதைக் குழு கவலையோடு உணர்ந்தது.

“அது அசையிற தடையோ, அசையாத தடையோ?” என்று கேட்டார் நிறஞ்சலா. எல்லோரும் எமிலியானுஸைப் பார்த்தார்கள்.

“ஹோண் அடிச்சாலும் எழும்பாது, மிஸ்.”

“அப்ப அசையாத தடை.”

“பின்னேரம் தானா எழும்பி மாக்கெற் பக்கம் போகும்.”

“அப்ப காலமை அசையாத தடை, பின்னேரம் அசையிற தடை,” என்றார் மில்ரன். “ரயர் ரெண்டுக்கும் பொருந்தவேணும், சேர். இது லேசான விசயமில்லை.”

லேசான விசயமில்லை என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. குருத்தோலை ஞாயிறு வந்துபோனது. பாஸ்காவும் போனது.

மீன் சந்தையில் எமிலியானுஸைக் கண்ட சங்குமுனை மேரி ரோஸ் திருக்கை விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்ன எமிலியான், லொறி வேப்பமரத்துக்குக் கீழ அடைகாக்குதாம். எப்ப குஞ்சு பொரிக்கும்?”

“குழு யோசிக்குது, அக்கா.”

“லான்ட்மாஸ்ரர்காரன் ஒண்டும் யோசிக்கிறானில்லை. அதாலதான் தண்ணி வருது.”

வீட்டிலே மனைவி றஞ்சிதமும் விடவில்லை. நிரந்தர நியமனம் கிடைத்தால் மாரி வருமுன்னமே கூரைக்குப் புது ஓடு போடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த மனிசி.

“இஞ்சாருங்கோ, அவையளுக்கு ரயர் தெரியாட்டி நீங்கள் சொல்லுங்கோவன். பத்து வருஷமா ஓட்டுறியள்.”

“எனக்கும் தெரியாதப்பா. வட்டமா இருக்கவேணும், காத்து நிக்கவேணும். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?”

“அதையாவது போய்ச் சொல்லுங்கோ.”

“சொன்னனான். காத்தைப் பற்றி வேற உபகுழு போட்டிருக்கினம்.”

சித்திரை முடியும்போது குழு நௌஷாட்டின் ரயர்க் கடைக்குக் கள விஜயம் செய்தது. நௌஷாட் எல்லோரையும் இருத்தி, இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, மூன்று ரயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இது தாருக்கு, சேர். இது மணலுக்கு. பல்லு பெரிசு, பக்கமும் தடிப்பு, முள்ளுக்குக் கொஞ்சம் தாங்கும். இது ரெண்டுக்கும் நடுவில.”

மில்ரன் மூன்றையும் தட்டிப் பார்த்தார். தர்ப்பூசணி வாங்குகிறவரைப் போல ஒன்றில் காதை வைத்தும் கேட்டார். பணிப்பாளர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“எத்தனை வருஷம் உழைக்கும்?”

“அது ஓடுறதைப் பொறுத்தது, சேர்.”

பணிப்பாளரின் முகம் மாறியது. “ஓடுறதைப் பொறுத்ததெண்டா அது ரயரின்ர குணமில்லையே. ஓட்டுறவன்ர குணம்.”

மறுபடியும் எல்லோரும் எமிலியானுஸைப் பார்த்தார்கள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

“கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, சேர்,” என்றார் நௌஷாட். “சரிவரல்ல எண்டா மாத்தித் தாறன்.”

“போட்டுப் பார்த்து வாங்கிறது பழக்கம். விஞ்ஞானமில்லை,” என்றார் பணிப்பாளர். “விக்கிறவர் சொல்லுறதை ஆதாரமா எடுக்கேலாது. உழைச்சுக் காட்டின ரயரை நாங்கள் கண்ணால காணவேணும்.”

உழைத்துக் காட்டிய ரயரை எங்கே காண்பது என்ற கேள்வியோடு வைகாசி பிறந்தது. விடையைக் கண்டுபிடித்த பெருமை நிறஞ்சலாவுக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனவர் இறங்குதுறையைப் பார்த்திருக்கிறார். வள்ளங்கள் கொங்கிறீற்றில் இடித்து உடையாமலிருக்கப் பழைய ரயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்க விட்டிருந்தார்கள். வெயில், உப்பு, அலை, வள்ளத்தின் இடி. எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடக்கின்றன. இதைவிடக் கடுமையான பரிசோதனைச்சாலை உலகத்தில் எங்கே இருக்கிறது?

குழு டபிள்கப்பில் புறப்பட்டது. தார் முடிகிற இடத்தில் மணல் தொடங்கியது. பணிப்பாளர் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். “புது ரயர்,” என்றார். மிச்சத் தூரத்தைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

இறங்குதுறையில் கொலின்ஸ் என்ற மீனவர் தன்னுடைய வள்ளத்துக்குள் இருந்து இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கந்தோர் உடுப்பில் நாலு பேர் குந்தியிருந்து தொங்குகிற ரயர்களைத் தடவுவதைக் கண்டதும் அவர் கையைத் துடைத்தார்.

“என்ன சேர், ரயருக்கும் வரி வருதோ?”

“ஆராய்ச்சி, தம்பி,” என்றார் மில்ரன். “இது எவ்வளவு காலமா இருக்கு?”

“அதோ? நான் சின்னப் பொடியனா முதல்நன்மை எடுத்த வருஷம் கட்டினது.”

“இது?”

“அது போன வருஷம். அதுக்குள்ள நார் நாராப் போச்சு. பஸ்ஸில ஓடித் தேஞ்சதைத் தந்திட்டாங்கள்.”

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போன குழு துறையின் கடைசித் தூணடியில் நின்றது. அங்கே ஒரு பெரிய ரயர் தொங்கியது. பற்கள் மழுங்கவில்லை. பக்கம் வெடிக்கவில்லை. புது ரயர்களில் இருக்குமே, சின்னச் சின்ன ரப்பர் மயிர்கள், அவைகூட அப்படியே நட்டுக்கொண்டு நின்றன. பணிப்பாளர் குனிந்து ஒரு மயிரை விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

“இது புதுசோ?”

“எல்லாத்திலும் பழசு அதுதான், சேர். எங்கட அப்பர் கட்டினது.”

“எந்த வாகனத்தில ஓடினது?”

“ஒண்டிலயும் ஓடேல்ல. அந்த நேரம் எங்கட மீனவர் சங்கத்துக்கு ஒரு ரக்ரர் தாறமெண்டு சொல்லி ரயரை முதல் அனுப்பினவை. ரக்ரர் வரேல்ல.”

நவரத்தினம் மூடி வைப்பதற்குப் பேனை தேடினார். அது சட்டைப்பையில் ஏற்கனவே மூடித்தான் இருந்தது. அவர் கடலைப் பார்த்து நின்று பேசினார். சபையின் வரலாற்றில் அதுதான் மிகச் சிறந்த உரை என்று மில்ரன் பிறகு சொன்னார்.

“இந்த ரயரை வடிவாப் பாருங்கோ. ஏன் தேயேல்ல? கம்பனியோ, ரப்பரோ, பல்லோ காரணமில்லை. இது ஓடேல்ல. ஒரு ரயரின்ர முதல் எதிரி ஓட்டம். நான் இந்தச் சபைக்கு வந்து பதினெட்டு வருஷம். எனக்கு முதல் இருந்த பணிப்பாளர் நல்ல மனுசன், ஆனா ஓடித் திரிஞ்சவர். சங்குமுனைக்குக்கூடப் போனவர். போனாச் சனம் கேள்வி கேக்கும். கேட்டா மறுமொழி சொல்லவேணும். மூண்டு வருஷத்தில ஆள் தேஞ்சு போனார், மாத்திப்போட்டாங்கள். நான் ஓரிடமும் போகேல்ல. என்னைப் பாருங்கோ. ஒரு கீறல் இருக்கோ?”

குழு பார்த்தது. கீறல் இருக்கவில்லை.

கொலின்ஸுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “அப்பச் சேர், ஓடத் தேவையில்லையெண்டா ரயரும் தேவையில்லைத்தானே?”

“அதெப்பிடி?” என்றார் பணிப்பாளர் பொறுமையோடு. “ரயர் இல்லாட்டி நாங்கள் எதைத் தேயாமப் பாதுகாக்கிறது?”

அதன்பிறகு வேலை துரிதமாக நடந்தது. ரப்பர் மயிர் அதிகமாக உள்ள ரயரே தெரிவு செய்யப்பட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. நௌஷாட் தன் கடையில் மயிர் கூடிய ஆறு ரயர்களைத் தெரிவு செய்து கொடுத்தார். அவை மணலுக்கான பெரிய பல் ரயர்களாகவே அமைந்தது தற்செயல். ஆடி மாதம் கையளிப்பு விழா நடந்தது. ரயர்களுக்கு மாலை போட்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த பெரியவர் நாடா வெட்டினார். சங்குமுனையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். வந்தது லான்ட்மாஸ்ரரில்.

விழா முடிந்ததும் எமிலியானுஸ் சில்லுக் கழற்றுகிற சாவியோடு வந்தார்.

“என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டார் மில்ரன்.

“ரயரைப் பூட்டப் போறன், சேர். சோதினை அடுத்த மாதம்.”

“பூட்டினா லொறியை இறக்கவேணும். இறக்கினா ரயர் நிலத்தில முட்டும்.”

“முட்டத்தானே வேணும்?”

மில்ரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆராய்ச்சியில் கூடவே இருந்தும் இந்த மனிதனுக்கு ஒன்றும் ஏறவில்லை. மாலை போட்ட ரயர்கள் பணிப்பாளரின் அறைக்குள் அலுமாரிக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன.

எமிலியானுஸ் ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டார். மடு மாதா கோவில் திருவிழாவுக்கு நடந்துபோகிற சனம் வீதியில் தெரியத் தொடங்கியது. றஞ்சிதம் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தார். கடைசியில் எமிலியானுஸ் பணிப்பாளருக்கு முன்னால் நின்று, பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

“சேர், புரட்டாதியில எனக்கு வயசு போயிடும். அதுக்குப் பிறகு ரயர் என்னத்துக்கு, லொறி என்னத்துக்கு? ஒரேயொரு நாளைக்கு இறக்கித் தாங்கோ.”

நவரத்தினம் கெட்ட மனிதரல்ல. பேனையை மூடி வைத்துவிட்டு அலுமாரிப் பக்கம் திரும்பி ரயர்களைப் பார்த்தார்.

“பூட்டும். ஆனாக் கல்லை எடுக்கவேண்டாம்.”

“விளங்கேல்ல, சேர்.”

“என்ஜின் வேலை செய்யுது. ரயர் புதுசு. சில்லு சுத்தும். பிறகென்ன குறை? நிலந்தான் குறை. நிலத்தைப் பரீட்சகருக்கு நான் விளங்கப்படுத்திறன்.”

சோதனை நாளன்று பரீட்சகர் விசுவலிங்கம் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வெயிலில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. லொறியைச் சுற்றிப் பார்த்தார். ஆறு ரயர்களும் நிலத்துக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், மயிர் சிலிர்க்க நின்றன.

“ஏன் கல்லில நிக்குது?”

“நீடித்துழைக்கும் திட்டம்,” என்றார் நவரத்தினம். குழு இறங்குதுறை ஆராய்ச்சியைச் சுருக்கமாக அரை மணித்தியாலம் எடுத்துரைத்தது. விசுவலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பிப் போக ஒரேயொரு பஸ்தான் இருந்தது.

“சோதினையைச் சனநெரிசல் இல்லாத இடத்தில வைக்கச் சொல்லி விதி இருக்கு,” என்றார் கடைசியில். “இதைவிட நெரிசல் இல்லாத இடம் இருக்கேலாது.”

ஒரு ஸ்ரூலில் கால் வைத்து ஏறிப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பெல்ற்றை இறுக்கிக் கட்டினார். எமிலியானுஸும் கட்டினார். என்ஜின் உறுமியது. பின்சில்லுகள் சுழன்ற காற்றில் வேப்பஞ்சருகு எழும்பிக் கோழிக்கடைக்குள் போக, கூட்டுக்குள் இருந்த கோழிகள் தங்களுக்கு நேரம் வந்துவிட்டது என்று கத்தின.

“சரி, போங்கோ.”

“எங்க, சேர்?”

“வழமையாப் போற வழியால.”

எமிலியானுஸ் சங்குமுனைக்குப் போனார். வேறு வழி அவருக்குத் தெரியாது. பாலத்தைத் தாண்டி, கிரவலுக்குத் திரும்புகிற இடத்தில் கையைச் சுழற்றினார். மணல் தொடங்குமிடத்தில் தானாகவே கியர் குறைந்தது. உடைமுள்ளுக்கு வந்ததும் உடம்பு முன்னுக்குக் குனிந்தது. தண்ணிக் கானோடு வரிசையில் நிற்கிற பெண்கள் கண்ணுக்குள் வந்தார்கள். அந்த நேரம் உண்மையான கழுதை ஒன்று வந்து, லொறிக்கு முன்னால் நிழலில் கால் மடக்கிப் படுத்தது. எமிலியானுஸின் கால் பிறேக்கை மிதித்தது.

“நல்லது,” என்றார் விசுவலிங்கம். “தடையைக் கண்டு நிறுத்தினீர்.”

“அசையாத தடை,” என்று கீழேயிருந்து மில்ரன் உறுதிப்படுத்தினார்.

“இப்பப் பின்னால எடுங்கோ பாப்பம்.”

எமிலியானுஸ் பரீட்சகரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கீழே தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்ற றஞ்சிதத்தைக் கண்டு வாயை மூடினார். பின்னால் தெரிகிற பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி, ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டு, மறு கையால் கியரை மாற்றி, மெல்ல மெல்லக் கிளச்சை விட்டார். சில்லுகள் சுழன்றன. பரீட்சகரும் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற வேப்பமரம் கிட்ட வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை.

“போதும், நிப்பாட்டுங்கோ.”

இறங்கியதும் விசுவலிங்கம் எல்லோருக்கும் கேட்க முடிவைச் சொன்னார். எமிலியானுஸ் சோதனையில் சித்தியடைந்துவிட்டார். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து நிரந்தரச் சாரதி. றஞ்சிதம் சிலுவை போட்டுக்கொண்டார். பணிப்பாளர் இந்தப் பெருமை குழுவுக்கே உரியது என்றார். ரப்பர் மயிர் ஒன்றுகூட உதிரவில்லை என்று மில்ரன் சில்லுச் சில்லாகக் குனிந்து பார்த்துவிட்டு அறிவித்தார்.

“ஒண்டு சொல்லவேணும்,” என்றார் பரீட்சகர், பஸ்ஸுக்குப் போகிற அவசரத்திலும் நின்று. “மற்றதெல்லாம் சுமார்தான். ஆனாப் பின்னால எடுத்ததுக்கு முழுப் புள்ளி குடுத்திருக்கிறன். நான் சோதினை எடுக்கத் தொடங்கின காலத்தில இருந்து ஒரு பவுசரை இவ்வளவு நேரா ஒருத்தரும் பின்னால எடுத்ததில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். எமிலியானுஸும் தட்டினார்.

அந்த லொறியின் ரிவேர்ஸ் கியர் உடைந்து மூன்று வருஷமாகிறது. அன்று அவர் போட்டது முதலாம் கியர்.